கடலோர நடை, மிதிவண்டிப் பாதை அமைப்பது எப்படி? ஆற்றுப் பாலத்திலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

கடற்கரையை ஒட்டி ஒரு பாதை போட வேண்டும் என்றதும் பெரும்பாலோர் செய்கிற முதல் வேலை, வரைபடத்தை விரித்து அலைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோட்டை இழுப்பதுதான். வழியில் ஆறு குறுக்கிட்டால் இரண்டு சின்னக் கோடுகளைப் போட்டு, ‘பாலம்’ என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். பின்னால் வரும் இழுபறி எல்லாம் அந்த இரண்டு கோடுகளில்தான் முளைக்கிறது. பாதையை அப்படியும் இப்படியும் நகர்த்தலாம். பாலத்தை நகர்த்த முடியாது. ஆகவே பாலம் எங்கே உட்காரும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து இரு பக்கமும் பாதையை இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் சொந்தமாகப் பாலம் கட்டிவிட முடியாது. கட்டமைப்புப் பொறியாளரும் மண் ஆய்வாளரும் கட்டாயம் வேண்டும். அவர்களிடம் என்ன கேட்க வேண்டும், எந்தப் பதிலுக்குத் தலையாட்டக் கூடாது என்பது தெரிந்தால் போதும்.

படி 1: ஆற்றைக் கடக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

முகத்துவாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. கரையோர நீரோட்டம் மணலைத் தள்ளிக்கொண்டு வந்து ஆற்றின் வாயை அடைக்கும். வெள்ளம் வந்து வேறு இடத்தில் உடைத்துக்கொண்டு போகும். இன்று நூறடி அகலமாகத் தெரியும் வாய், பத்து வருடம் கழித்து அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கலாம். எனவே கிடைக்கும் பழைய வரைபடங்கள், வான்வழிப் படங்கள், செயற்கைக்கோள் படங்கள் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரு கரைகளும் எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் இருக்கிற பகுதி ஒன்று பெரும்பாலும் சற்று உள்ளே, ஆற்றின் மேல்பக்கம் தென்படும். படகு ஓட்டுகிறவர்களில் வயதானவர்களைக் கேட்டாலும் அதே இடத்தைத்தான் காட்டுவார்கள். அவர்கள் சொல்வதும் படமும் முரண்பட்டால் இன்னொரு முறை படத்தைப் பாருங்கள்.

வளைவின் வெளிப்பக்கக் கரையைத் தவிருங்கள். ஆறு தின்னும் பக்கம் அது. நேராக ஓடுகிற, குறுகலான இடம்தான் வேண்டும்.

உள்ளே போகப் போகச் சுற்று அதிகமாகும். நடப்பவர்களுக்கு ஒரு கிலோமீட்டர் சுற்று என்றால் கால் மணி நேரம். அதற்காகப் பாலத்தை வாய்க்கே கொண்டுபோய் வைக்கும்படி அழுத்தம் வரும். அழகான காட்சி கிடைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அரிக்கிற மணல் திட்டில் கரைத்தாங்கியை (பாலத்தின் முனை கரையில் உட்காரும் கட்டுமானம்) கட்டிவிட்டு, அதைக் காப்பாற்ற ஆண்டுதோறும் கல் கொட்டுவதைவிடச் சுற்றிப் போவது மேல்.

நியூசிலாந்தில் நியூ பிளிமத் நகரின் கடலோர நடைபாதையில், வைவாகாய்ஹோ ஆற்றின் குறுக்கே 2010-இல் திறக்கப்பட்ட தே ரேவா ரேவா பாலம் பார்க்க வேண்டிய ஒன்று. ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை. வெள்ளை இரும்பு விலா எலும்புகளைப் போன்ற வளைவு ஒரே தாவலில் ஆற்றைக் கடக்கிறது. அதற்குள் நடந்தால் எதிரே தாராநாக்கி மலை சட்டமிட்டதுபோல நிற்கும். பலரும் அதன் வடிவத்தைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது, மறுகரை அங்குள்ள மாவோரி மக்கள் புனிதமாகக் கருதும் நிலம் என்பது. பாலத்தின் கால் எந்த மண்ணில் ஊன்றுகிறதோ, அந்த மண்ணுக்கு உரியவர்களிடம் முதலில் பேச வேண்டும். வடிவமைப்பு முடிந்த பிறகு பேசப் போனால் அது கலந்தாலோசனை ஆகாது, அறிவிப்பாகிவிடும்.

படி 2: பாதையைக் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது?

நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவின் ஆறாவது அறிக்கைப்படி, 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006 முதல் 2018 வரை ஏறிய வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். இது சின்ன எண்ணாகத் தோன்றும். ஆனால் மென்சரிவான மணற்கரையில் கடல் ஒரு பங்கு உயர்ந்தால் கரைக்கோடு ஐம்பது முதல் நூறு பங்கு பின்வாங்கும் என்பது கடலோரப் பொறியியலில் வழங்கும் தோராயக் கணக்கு. பத்து சென்டிமீட்டர் உயர்ந்தால் ஐந்து முதல் பத்து மீட்டர் கரை போகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதனால் பாதையை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாறையோ கெட்டி மண்ணோ உள்ள இடத்தில் கான்கிரீட், தார் என்று நிரந்தரமாகப் போடலாம். மணல்மேடு, சேற்று நிலம், அரிக்கும் கரை ஆகியவற்றில் கழற்றி நகர்த்தக்கூடிய பலகைப் பாதையே சரி. இங்கிலாந்து தன் கடலோரப் பாதைக்காக 2009-இல் இயற்றிய சட்டத்தில், கரை அரித்துப் போனால் பாதையும் உள்நோக்கி நகரலாம் என்பதற்கு வழி வைத்திருக்கிறார்கள். பாதையின் உரிமையை ஒரு குறிப்பிட்ட மண்ணோடு கட்டிப்போடாமல் கரையோடு கட்டியது புத்திசாலித்தனம். உங்கள் நில ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி சேர்க்க முடியுமா என்று வழக்கறிஞரைக் கேளுங்கள். பின்னால் சுவர் கட்டுகிற செலவு மிச்சமாகும்.

மணல்மேட்டை வெட்டிப் பாதை போடவே கூடாது. அது கடலுக்கு எதிரே தானாக வளர்கிற அணை. அதன்மேல் படரும் கொடிகளும் புற்களும் தான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒருமுறை வெட்டிய இடுக்கு வழியாகக் காற்று மணலை உள்ளே கொண்டுபோய்க்கொண்டே இருக்கும்.

படி 3: அனுமதிகளும் உயிரினங்களும்

கடலோர மண்டலம், ஆறு, வனம், மீன்வளம், துறைமுகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி தேவைப்படலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். பறவைகள் கூடு கட்டும் மாதங்கள், ஆமைகள் முட்டையிடும் மாதங்கள், மீன்கள் ஆற்றுக்குள் ஏறும் மாதங்கள் ஆகியவற்றைக் குறித்து, எஞ்சிய மாதங்களில்தான் வேலை என்று முடிவு செய்தால் பணி அட்டவணை தானாக உருவாகிவிடும்.

படி 4: அகலம், சரிவு, வளைவு

இரு திசையிலும் மிதிவண்டியும் நடையும் கலந்து போக 3 மீட்டர் என்பது குறைந்தபட்சம். கூட்டம் வரும் என்று தெரிந்தால் 4 மீட்டர். இரு ஓரங்களிலும் அரை மீட்டருக்கு மேல் தடையில்லாத இடம் வேண்டும். கைப்பிடிச் சுவரை ஒட்டி யாரும் மிதிவண்டி ஓட்டமாட்டார்கள், எனவே அந்த ஓரம் அகலக் கணக்கில் சேராது. மாலையில் கடலைப் பார்த்தபடி நான்கு பேர் வரிசையாக நடக்கும் இடங்களில் நடைக்கும் மிதிவண்டிக்கும் தனித்தனித் தடம் பிரிப்பதே நல்லது. வெள்ளைக் கோடு ஒன்றால் பிரிந்துவிடும் என்று நம்பாதீர்கள். தரையின் உயரமோ பரப்போ மாற வேண்டும்.

சமதளத்தில் மிதிவண்டி 30 கிலோமீட்டர் வேகம் எட்டும் என்று வைத்து வளைவுகளை வரையுங்கள். அந்த வேகத்தில் நிற்க முப்பது மீட்டருக்கு மேல் தேவை. வளைவின் உள்பக்கம் புதர் வளர்ந்தால் அந்தத் தூரம் கண்ணுக்குத் தெரியாது. சரிவு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது. சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

படி 5: பாலம்

முதலில் உயரம். அதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வடிவமைப்புக்கு எடுத்துக்கொண்ட பெருவெள்ளத்தின் மட்டம், அதில் மிதந்து வரும் மரங்களுக்கான இடைவெளி, கடல்நீர் ஏறி நிற்கும் உயர் ஓதத்தின்போது அடியில் போகும் படகின் உயரம். படகு உயரத்தை ஏட்டில் பார்க்காமல் கரைக்குப் போய் நாடாவால் அளந்து வாருங்கள். கம்பம், விளக்கு, நிற்கிற ஆள் எல்லாம் சேர்ந்துதான் உயரம்.

உயரத்தைக் கூட்டுவது இலவசமல்ல. நூற்றுக்கு ஐந்து சரிவில் ஒரு மீட்டர் ஏற 20 மீட்டர் நீளம் வேண்டும். பாலம் பாதையைவிட 4 மீட்டர் உயரம் என்றால் ஒவ்வொரு பக்கமும் 80 மீட்டர் ஏற்றம். அந்த ஏற்றத்தை மண் கொட்டி உயர்த்தினால், வெள்ளத்தின்போது ஆறு பரவும் சமவெளியின் குறுக்கே நீங்களே ஓர் அணை கட்டியதாகும். தண்ணீர் எல்லாம் பாலத்துக்கடியில் நெருக்கியடித்துப் பாய்ந்து தூண்களைத் தோண்டும். ஏற்றத்தையும் தூண்கள்மேல் தூக்குங்கள், அல்லது மண்மேட்டில் தண்ணீர் கடந்து போகத் தாராளமாகக் கண்கள் விடுங்கள்.

அடுத்து அஸ்திவாரம். தூண் வரும் ஒவ்வோர் இடத்திலும், இரு கரைத்தாங்கிகளிலும் தனித்தனியே துளையிட்டு மண் எடுத்துப் பார்க்க வேண்டும். ‘ஒரு கரையில் பார்த்தோம், மறுகரையும் அப்படித்தான் இருக்கும்’ என்கிற வாக்கியத்தை ஏற்காதீர்கள். கழிமுகத்தில் பத்து மீட்டர் தள்ளினால் மணல் சேறாக மாறும். பெரும்பாலும் பைல் அஸ்திவாரம்தான் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் நீளத் தூண்கள்) வரும். வெள்ளம் அடிமண்ணை எவ்வளவு ஆழம் தோண்டும் என்று கணக்கிட்டு, அந்த மண் இல்லாமலே பாலம் நிற்குமா என்று பார்க்க வேண்டும். 1987 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடைப் பாலம் விழுந்து 10 பேர் இறந்தார்கள். தூணுக்கடியில் இருந்த மண்ணை வெள்ளம் பறித்துக்கொண்டதுதான் காரணம். மேலே இருந்து பார்த்தவர்களுக்கு முந்தின நாள்வரை பாலம் நன்றாகவே தெரிந்திருக்கும். ஒற்றைத் தாவலில் கடக்க முடியுமானால் ஆற்றில் தூண் வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

கீழிருந்து வரும் தண்ணீர் கடலோரத்துக்கே உரிய ஆபத்து. பாலம் என்றால் மேலே ஏறும் பாரத்தைக் கீழே கடத்துவது என்றுதான் மனம் பழகியிருக்கிறது. ரியோ டி ஜெனிரோவில் பாறைச் சரிவை ஒட்டித் தூண்கள்மேல் அமைத்த டிம் மையா மிதிவண்டிப் பாதை 2016 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்று பெரிய அலை ஒன்று பாறையில் மோதி மேலே எழும்பி, பாதைத் தளத்தை அடியிலிருந்து தூக்கி எறிந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். தளம் தூண்கள்மேல் உட்கார்ந்திருந்ததே தவிர, மேல்நோக்கிய விசையைத் தாங்கும்படி பிணைக்கப்படவில்லை. 2004-இல் ஐவன் சூறாவளியின்போது ஃபுளோரிடாவில் எஸ்காம்பியா விரிகுடாப் பாலத்தின் பல தளங்கள் இடம்பெயர்ந்து விழுந்ததும் இதே வகைதான். தளத்தைத் தாங்கும் நீள உத்தரங்களான கர்டர்களுக்கு இடையே சிக்கிய காற்றும் தூக்குவதற்குத் துணை நின்றது.

ஆகவே பொறியாளரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: ‘அலை அடியிலிருந்து அடித்தால் இந்தத் தளத்தைக் கீழே பிடித்து வைத்திருப்பது எது?’ ‘அதன் எடை’ என்று பதில் வந்தால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். அலை எட்டக்கூடிய பகுதிகளில் தளத்தைத் தூணோடு பிணைக்கும் போல்ட்டுகளும், காற்றும் நீரும் வெளியேறத் துளைகளும் அல்லது கிராதித் தளமும் இருக்க வேண்டும். பாலத்துக்கு மட்டுமல்ல, கரையோரத் தூக்குப்பாதை முழுவதற்கும் இது பொருந்தும்.

இனி ஆட்டம். நடைபாலத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 500 கிலோ பாரம் எடுத்துக்கொள்வது வழக்கம். 3.5 மீட்டர் அகலமும் 50 மீட்டர் நீளமும் கொண்ட தளம் என்றால் மொத்தம் 87 டன்னுக்கு மேல். பாரத்தைத் தாங்கிவிடும், ஆடாமல் இருக்குமா என்பது வேறு கேள்வி. லண்டனில் தேம்ஸ் ஆற்றின்மேல் மில்லேனியம் பாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டு, பக்கவாட்டில் ஆடியதால் இரண்டே நாளில் மூடப்பட்டது. நடப்பவர் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறார். இடதும் வலதுமாக மாறி மாறி அழுத்துவதால் பக்கவாட்டுத் தள்ளல் விநாடிக்கு ஒரு சுழற்சி. பாலத்தின் இயல்பான ஆட்டமும் அதே வேகத்தில் இருந்தால், ஆட்டத்தை உணர்ந்தவர்கள் விழாமல் இருக்கக் காலை அகட்டி வைக்கிறார்கள். அது ஆட்டத்தை இன்னும் கூட்டுகிறது. அதிர்வு தணிப்பான்கள் பொருத்தி 2002 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். ஐரோப்பிய விதிகளில், பாலத்தின் இயல்பான செங்குத்து அதிர்வு விநாடிக்கு 5 சுழற்சிக்கும், பக்கவாட்டு அதிர்வு 2.5 சுழற்சிக்கும் குறைவாக இருந்தால் நடப்பவரின் வசதியைத் தனியே சரிபார்க்க வேண்டும். மெலிந்த பாலம் கேட்கும் கட்டடக் கலைஞரிடம் இந்த எண்களைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு சட்டென்று நிதானமாகும்.

கைப்பிடி மிதிவண்டிக்காரருக்கு 1.4 மீட்டர் உயரம் இருந்தால் நல்லது. கம்பிகள் நின்றவாக்கில், இடைவெளி பத்து சென்டிமீட்டருக்குள். படுக்கைவாட்டில் வைத்தால் குழந்தைகளுக்கு அது ஏணி. தளத்தில் பலகை போட்டால் போகும் திசைக்குக் குறுக்காகப் போடுங்கள். நெடுக்காகப் போட்ட பலகையின் இடுக்கில் முன்சக்கரம் இறங்கினால் ஓட்டுநர் மறுபக்கம்தான் எழுந்திருப்பார். வெப்பத்துக்கு இரும்பு நீளும்: 50 மீட்டர் இரும்புப் பாலம் 40 டிகிரி வேறுபாட்டில் 24 மில்லிமீட்டர் நீள்கிறது. அந்த இடைவெளிக்கு மேல் சக்கரம் தட்டாத மூடி வேண்டும்.

படி 6: உப்பு

இந்தப் பகுதியைப் பலரும் வண்ணப்பூச்சுக் குறிப்புபோலக் கடந்து போகிறார்கள். பாலத்தின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதுதான்.

நான் பார்த்த ஒரு கைப்பிடியில் குழாய்கள் பளபளவென்று இருந்தன. திறந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. குனிந்து அடிப்பட்டையைப் பார்த்தால், நான்கு போல்ட்டுகளின் தலையிலிருந்தும் பழுப்பு நிறக் கண்ணீர் கான்கிரீட்டில் வழிந்திருந்தது. ஒன்றைச் சாவி போட்டுத் திருப்பியதும் தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. வரைபடத்தில் கைப்பிடிக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று எழுதியவர்கள் போல்ட்டின் ரகத்தை எழுதவில்லை. ஒப்பந்ததாரர் கடையில் கிடைத்ததைப் போட்டிருந்தார்.

கடலோரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் மாலிப்டினம் கலந்த 316 ரகம். வீட்டுப் பாத்திரங்களுக்கு வரும் 304 போதாது. போல்ட், நட், வாஷர் ஒவ்வொன்றுக்கும் ரகத்தை எழுத்தில் குறிப்பிடுங்கள். அலுமினியத்தையும் இரும்பையும் நேரடியாகத் தொட விடாதீர்கள். உப்புநீர் நடுவே வந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு மின்கலமாகி அலுமினியம் கரையும். இடையில் நைலான் வாஷர் போடுங்கள். இரும்பை உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்து, அதன்மேல் வண்ணப்பூச்சும் சேர்ந்தால் நீடிக்கும். தண்ணீர் தேங்கும் மூலை, இரண்டு தகடு ஒட்டிய இடுக்கு, மூடிய குழாய் ஆகியவற்றை வடிவமைப்பிலேயே ஒழித்துவிடுங்கள்.

கான்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 50 முதல் 75 மில்லிமீட்டர் மூடுகனம் வேண்டும். இந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக் என்ற சிறு கட்டை வைக்காமல் கல்லை முட்டுக் கொடுத்துக் கம்பியை உட்கார வைக்கிறார்களா என்று வார்ப்பு நாளன்று நீங்களே போய்ப் பாருங்கள். கடல் மணலோ உப்புத்தண்ணீரோ கலவைக்குள் வரவே கூடாது.

படி 7: பாதையைப் போடுதல்

பாலத்துக்குக் கிரேனும் கர்டரும் வர வழி வேண்டும். எனவே பாதையின் ஜல்லி அடுக்கை முதலில் போட்டு, அதையே வேலை வழியாகப் பயன்படுத்துங்கள். கனரக வண்டிகள் அதைக் கெட்டிப்படுத்தியும் கொடுக்கும். கடைசியில் மேற்பரப்பைச் சீர்செய்து மேலடுக்கைப் போடலாம். ஆற்றுக்குள் செய்யும் வேலைகளை ஓத அட்டவணையைப் பார்த்துத் தாழ் ஓதத்துக்கு ஒதுக்குங்கள்.

மணலின்மேல் முதலில் நெய்த விரிப்பு, அதன்மேல் 150 முதல் 200 மில்லிமீட்டர் உடைகல் ஜல்லி, பிறகு கான்கிரீட் அல்லது தார். விரிப்பு இல்லாவிட்டால் ஜல்லி மெல்ல மெல்ல மணலுக்குள் இறங்கிவிடும். கான்கிரீட்டில் இணைப்புகளை அறுத்து வெட்டச் சொல்லுங்கள். கரண்டியால் இழுத்த பள்ளம் மிதிவண்டியைத் தடதடக்க வைக்கும். மேற்பரப்பு நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீர் வடிந்துவிடும். கடல் பக்க விளிம்பைக் கீழ்நோக்கி ஆழமாக இறக்குங்கள். அலை முதலில் உறிஞ்சுவது பலகத்துக்கடியில் உள்ள மணலைத்தான். இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டே நடந்தால், கெட்டியான இடத்தில் ‘கிண்’ என்ற ஒலியும் உள்ளே வெற்றிடமான இடத்தில் ‘டொப்’ என்ற ஒலியும் வரும்.

படி 8: விளக்கு, தடுப்புக்கட்டை

ஆமை வரும் கரையில் வெள்ளை விளக்கு வேண்டாம். 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளம் கொண்ட செம்மஞ்சள் ஒளி, கீழ்நோக்கி, மறைப்போடு. கார்களைத் தடுக்க நடும் கட்டைகளில் இருட்டில் மிதிவண்டிகள் மோதுகின்றன. உண்மையாகவே கார்கள் நுழைகிற இடத்தில் மட்டும் நடுங்கள், ஒன்றரை மீட்டர் இடைவெளியில், ஒளி பிரதிபலிக்கும் பட்டையோடு. ஆம்புலன்ஸ் வர ஒன்றையாவது கழற்ற முடிய வேண்டும்.

படி 9: திறந்த பிறகு

மணலை யார் கூட்டுவது என்பதை டெண்டர் விடும்போதே எழுதுங்கள். வளைவில் ஒரு கைப்பிடி மணல் கிடந்தால் மிதிவண்டி வழுக்க அது போதும். எந்த அலை உயரத்தில் பாதையை மூடுவது, யார் மூடுவது, வாயிற்கதவு எங்கே என்பதையும் திறப்பு விழாவுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். ரியோவில் அலை சீறிக்கொண்டிருந்த நேரத்திலும் பாதை திறந்தே இருந்தது.

ஆற்றுக்குள் தூண் வைத்திருந்தால் கூடுதலாக ஒரு வேலை உண்டு. பாலத்தின் கைப்பிடியில் ஒவ்வொரு தூணுக்கு நேரேயும் ஒரு வண்ணக்குறி இடுங்கள். திறப்பதற்கு முன் அந்தக் குறியிலிருந்து, ஈயக்குண்டு கட்டிய அளவு நாடாவை ஆற்றின் தரை தட்டும்வரை இறக்கி, எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு வெள்ளம் வடிந்த பிறகும் அதே குறியிலிருந்து அதே நாடாவை இறக்குங்கள். எண் கூடியிருந்தால் அன்றைக்கே பாலத்தை மூடிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.